எரிமலைக் குழம்பு கரிசல் ஆன கதை



விதை, உரம், பூச்சி மருந்து என்று வாராவாரம் பேசுகிறோம். நம்மைத் தாங்குகிற மண்ணுக்குத் தாய் எது என்று கேட்டிருக்கிறோமா? தாய் பாறைதான். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள மகாராஷ்டிரம் வரை போய் வருவோம், வாங்க.

மும்பையிலிருந்து புனே போகிற ரயில் மலையேறும்போது வெளியே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே படிப்படியாக அடுக்கி வைத்தது போலத் தெரியும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே பூமி நெடுநெடு என்று வெடித்து, அந்த வெடிப்புகள் வழியே நெருப்புக் குழம்பு மடை உடைத்த வெள்ளமாகப் பாய்ந்தது. அது ஆறி இறுகியதும், அதன் மேலே அடுத்த குழம்பு. இப்படியே அடுக்கடுக்காய்! மகாபலேசுவரம் பக்கம் இதன் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். இன்றைக்கு மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நான்கு தமிழ்நாடு. இந்தப் பாறைக்குப் பசால்ட் என்று பெயர். எல்லோராக் குகைகளைக் குடைந்ததும் இதில்தான்.

இனிதான் விவசாயிக்கு வேண்டிய சங்கதி. பசால்ட்டில் இரும்பு, சுண்ணாம்பு, மக்னீசியம் உண்டு. மலை உச்சியில் கொட்டுகிற மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் அங்கே செம்மண். மலைக்குக் கிழக்கே மழை குறைவு. சத்து அங்கேயே தங்கி, களி மிகுந்த கரிசல் ஆகிறது. ஒரே பாறை, இரண்டு மண்! மழைதான் வித்தியாசம்.

அந்தக் களி, நனைந்தால் உப்பும். காய்ந்தால் கால் நுழைகிற அளவு வெடிக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணத்தால்தான் மானாவாரிப் பருத்திக்கு உகந்தது. ஆனால் கறுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கரிசலில் தழைச்சத்தும் மக்குப் பொருளும் பெரும்பாலும் குறைவே. தொழு உரம் கட்டாயம் வேண்டும்.

"அப்போ நம்ம கோவில்பட்டிக் கரிசலும் எரிமலை மண்ணா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் குழம்பு நம் பக்கம் வரவில்லை. நம் கரிசல் அதைவிட மிகப் பழைய வேறு பாறைகளிலிருந்து வந்தது. குறைந்த மழையும், நீர் வடியாத தாழ்வான நிலமும் சேர்ந்து அதே குணத்தைக் கொடுத்தன.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. இறுகிய பசால்ட் தண்ணீரைச் சேமிக்காது. மேலே சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) ஹிவ்ரே பஜார் என்ற வறண்ட கிராமம். 1990-களில் ஊரார் கூடி, மலைச்சரிவில் வரப்பும் பள்ளமும் வெட்டினார்கள், மரம் வைத்தார்கள், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்தார்கள். கிணறுகளில் நீர் ஊறியது.

நம்மிலும் பெரும்பாலோர் நிலத்துக்கு அடியில் கடும்பாறைதான். ஆழத்தை நம்பிக் கடன் வாங்கித் துளை போடுவதற்கு முன்னே, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுங்கள். குளத்தைத் தூர் வாருங்கள். கோடி ஆண்டில் பாறை கொடுத்த மண்ணை ஒரு கோடை மழையில் ஓடவிடலாமா?