ஊவா மலைத்தோட்டங்களில் இடிமழையும் மண்சரிவு எச்சரிக்கையும்

இலங்கையின் ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பதுளை மாவட்டத்தில் ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, ஹல்துமுல்லை, மடுல்சீமை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. இடிமழை, மின்னல், கடுங்காற்று, மண்சரிவு ஆகியவை இங்குள்ள முக்கிய வானிலை இடர்கள். கொழுந்து பறிப்பவர்கள் திறந்த மலையிலும், அவர்களது குடும்பங்கள் சரிவை ஒட்டிய லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளிலும் இருப்பதால், வானிலை அறிக்கை இம்மக்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

பருவங்கள்

மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் ஆகிய இரு இடைப்பருவ காலங்களிலும் இடிமழை மிகுதி. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மீது மேலெழும். பிற்பகலில் முகில் திரண்டு இடியும் மின்னலுமாக மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மழையை மேற்குச் சரிவுகளிலேயே பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணமான இக்காற்றே, வலுக்கும்போது கூரைத் தகரங்களையும் பிடுங்குகிறது. டிசம்பர்–பெப்ரவரியில் வடகீழ் பருவக்காற்று ஊவாச் சரிவுகளில் நேரடியாக மோதி நீடித்த மழையைத் தருகிறது.

வாரத்துக்கான முன்னறிவிப்பு

இலங்கையில் வானிலை முன்னறிவிப்புகளை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிறது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கத்தையோ புயலையோ சில நாள் முன்னரே கணிக்க முடியும். இடிமுகில் அப்படியன்று. அது சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில் தோன்றி மறைவது. அது எந்தத் தோட்டத்தில் பெய்யும் என்பதை ஒரு வாரத்துக்கு முன் சொல்ல இயலாது. ஆகவே வார அறிக்கை எந்த நாட்களில் கவனம் தேவை என்பதையே காட்டும். அந்நாட்களில் அன்றன்றைய எச்சரிக்கையும் உள்ளூர் மழைமானியும்தான் வழிகாட்டி. மின்னல் தெரிந்து 3 வினாடியில் இடி கேட்டால், அது ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில் விழுந்துள்ளது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்வதே பாதுகாப்பு.

மண்சரிவு எச்சரிக்கை

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவை தென்பட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

மீரியபெத்தை, 2014

2014 ஒக்டோபர் 29 காலை, தொடர்மழையை அடுத்து கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் புதைந்தனர். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்குப் பின்னர் பூனாகலைப் பகுதியின் மாகல்தெனியவில் வீடுகள் கட்டித்தரப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டமெங்கும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது.

எஞ்சியுள்ள தேவை

மீரியபெத்தையில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் மக்கள் குடிபெயர்க்கப்படவில்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. அதை விட்டுச் செல்லும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் தன் பெயரில் வேறு காணி கிடையாது. இரவு மழையில் வெளியேறுபவர் மறுநாள் அதே லயத்துக்கே திரும்புகிறார். ஆபத்தற்ற நிலத்தில் உரித்துடன் கூடிய வீடு கிடைக்கும் வரை, ஊவா மலைகளில் எந்த முன்னறிவிப்பும் பாதி உதவியே.