இலக்கமில்லாத துவக்குகளும் பின்னோக்கிப் பார்க்கும் சட்டமும்

ஒரு பொருளில் இலக்கம் இல்லாதிருப்பது வேறு. இருந்த இலக்கம் அழிக்கப்பட்டிருப்பது வேறு. இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் பழைய சொட்கன்களைப் பற்றிய சட்ட வரலாற்றை வாசித்தபோது, ஒருவருடைய ஐந்து வருடச் சிறைவாசமே இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கக்கூடும் என்பதைக் கண்டேன். அரசு, ஆவணம், அடையாளம் ஆகியவை பற்றி ஓயாமல் விவாதிக்கும் எம்மவர்க்கு இந்த வரலாற்றில் கவனிக்க நிறையவே உண்டு.

துவக்கில் இலக்கம் பொறிக்கும் வழக்கத்தை அரசு தொடக்கிவைக்கவில்லை. அது பட்டறையின் தேவையிலிருந்து பிறந்தது. கையால் அராவிப் பொருத்தப்பட்ட குழாயும் உடற்பாகமும் வேறொரு துவக்கின் பாகங்களோடு கலந்துவிடாதிருக்க, தொழிலாளர்கள் இரண்டிலும் ஒரே இலக்கத்தைக் குத்தினார்கள். விலை கூடிய துவக்குகளுக்கு உற்பத்திக் கணக்கேடும் இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கமக்காரர்கள் வாங்கிய மலிவான சொட்கன்களின் கதை வேறு. ஸ்டீவன்ஸ், சாவேஜ் போன்ற தொழிற்சாலைகள் அவற்றைச் செய்தன. சியர்ஸ், மொன்ட்கொமரி வார்ட் போன்ற பெருங்கடைகள் தமது சொந்தப் பெயர்களைப் பொறிப்பித்து, தபால் விலைப்பட்டியல் மூலம் விற்றன. இவற்றில் பலவற்றுக்குத் தொடரிலக்கம் இடப்படவே இல்லை. இடும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. இலக்கமிடுதல் செலவு பிடிக்கும் ஒரு வேலை. அதே வேளை, 1939இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த புகழ்பெற்ற மில்லர் வழக்கின் குறுக்கப்பட்ட ஸ்டீவன்ஸ் சொட்கனில் 76230 என்ற இலக்கம் இருந்தது. அதாவது, ஒரே நிறுவனத்தின் ஒரு துவக்கில் இலக்கம் இருக்கும், இன்னொன்றில் இராது.

அரசு இந்த இடத்துக்குப் படிப்படியாகவே வந்து சேர்ந்தது. 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டம் இயந்திரத் துவக்குகள், குழாய் குறுக்கப்பட்ட துவக்குகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இலக்கம் கேட்டது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், இலக்கம் அழிக்கப்பட்ட துவக்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்கியது. ஆனால் இலக்கம் இட்டேயாக வேண்டும் என்று உற்பத்தியாளரிடம் சொல்லவில்லை. 1958இல் திறைசேரி வெளியிட்ட ஒழுங்குவிதி இலக்கத்தைப் பொதுவாகக் கட்டாயமாக்கியபோதும், சொட்கன்களுக்கும் .22 ரைபிள்களுக்கும் விலக்களித்தது. கமக்காரரின் துவக்கும் சிறுவன் பழகும் துவக்கும் அரசின் கண்ணுக்கு ஆபத்தானவையாகத் தெரியவில்லைப் போலும்.

1963 நவம்பரில் ஜோன் கென்னடி கொல்லப்பட்டார். கண்டெடுக்கப்பட்ட ரைபிளில் இருந்த சி2766 என்ற இலக்கமே, அது சிக்காகோவின் கிளைன்ஸ் கடையிலிருந்து பொய்ப்பெயரில் தபால்மூலம் வாங்கப்பட்டதைப் புலனாய்வாளருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு சிறு இலக்கத்தின் வலிமையை அரசு கண்டுகொண்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேட் கென்னடியும் கொல்லப்பட்ட பின்னர், அவ்வருடம் ஒக்ரோபர் 22இல் ஜனாதிபதி ஜோன்சன் கைச்சாத்திட்ட சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதி பெற்ற உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துவக்கின் உடற்பாகத்திலும் இலக்கம் இட வேண்டும் என விதித்தது. சொட்கன்களுக்கு இருந்த விலக்கு அத்தோடு முடிந்தது.

ஆயினும் அந்தச் சட்டம் பின்னோக்கிச் செல்லவில்லை. ஏற்கெனவே வீடுகளில் இருந்த இலட்சக்கணக்கான இலக்கமற்ற துவக்குகளுக்கு இப்போது இலக்கம் பொறியுங்கள் என்று அது யாரிடமும் கேட்கவில்லை. குற்றத்தை வரையறுக்கும் பிரிவின் சொற்களும் கவனிக்கத்தக்கவை: அகற்றப்பட்ட, அழிக்கப்பட்ட, மாற்றப்பட்ட இலக்கம். மூன்றும் ஒரு செயலைக் குறிக்கின்றன. மூன்றுக்கும் முன்னர் ஓர் இலக்கம் இருந்திருக்க வேண்டும். அத்தகைய துவக்கை, அதன் நிலையை அறிந்தே, வைத்திருப்பதும் 1990இல் குற்றமாக்கப்பட்டது. அதிகபட்சத் தண்டனை ஐந்து வருடம். 1968க்கு முன் இலக்கத்தோடு வெளிவந்த சொட்கனில் அதை யாரேனும் அராவியிருந்தால், பழையது என்பதால் மட்டும் அது தப்பாது. இலக்கமே பெறாத சொட்கன் இந்தப் பிரிவுக்குள் வராது.

உலோகமும் இந்த வேறுபாட்டை அறியும். இலக்கம் குத்தப்படும்போது மேற்பரப்பின் கீழேயும் உலோகம் நசிகிறது. மேலே அராவி மழுப்பினாலும், அமிலமிட்டால் அந்த நசிவு பல வேளைகளில் எழுத்துருவாக மீண்டும் தெரியும். எதுவும் குத்தப்படாத இரும்பில் அமிலத்துக்குக் காட்ட எதுவுமில்லை. சிக்கல் எழுவது ஆய்வுகூடத்தில் அல்ல, தெருவில். துவக்கின் வயதை அறியாத ஓர் அதிகாரியின் கண்ணுக்கு, வெறுமையான இரும்பு முழுவதும் சந்தேகத்துக்குரியதே. எமது வாசகர்க்கு இது தொலைதூரத்து விடயமும் அல்ல. அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்ற ஒருவர், சுடுகலனைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டால், நாடு கடத்தப்படக்கூடியவர் ஆகிறார்.

அழிக்கப்பட்ட இலக்கம் பற்றிய இந்தப் பிரிவே அண்மையில் கேள்விக்குள்ளானது. 2022 ஒக்ரோபரில் மேற்கு வேர்ஜீனியாவின் சமஷ்டி நீதிபதி ஜோசப் குட்வின், 1968 வரை பொதுவான இலக்கக் கட்டாயம் இருக்கவில்லை என்பதைச் சுட்டி, அது அரசியலமைப்புக்கு முரணானது என்றார். 2024 ஓகஸ்டில் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: இலக்கம் அழிக்கப்பட்ட துவக்குகள் சட்டபூர்வத் தேவைகளுக்காகப் பொதுப் பாவனையில் உள்ளவை அல்ல என்பது அதன் வாதம். எனக்கு இரண்டாவது தீர்ப்பே சரியாகப் படுகிறது. வரலாறு காட்டுவது இலக்கமின்மை இயல்பாக இருந்ததையே. அழித்தல் இயல்பாக இருந்ததை அல்ல.

இலக்கமற்ற துவக்கு கொலைகாரருக்கு உதவாதா என்று கேட்கலாம். உதவும். ஆகவேதான் அரசு இனி வருபவற்றுக்கு இலக்கம் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. வீட்டில் பொருத்திக்கொள்ளும் துவக்குப் பொதிகளை இலக்க விதிக்குள் கொண்டுவந்த 2022ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அவ்வகையானதே. நான் எதிர்ப்பது, சட்டம் தான் பிறந்த திகதியை மறந்து, தனக்கு முன் பிறந்தவற்றிடமும் அடையாளம் கேட்பதை.

இரும்புக்கு 1968இல் காட்டப்பட்ட இந்த நிதானம் மனிதருக்கு எப்போதும் காட்டப்பட்டதில்லை. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரிடம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. பிறந்தபோது யாரும் எழுதிவைக்காத பிறப்புகளுக்கு ஆவணம் கேட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். அவர்கள் எந்தப் பதிவையும் அழித்தவர்களல்லர். பதிவு அவர்களிடம் வந்து சேரவில்லை.