கேரியரைப் பிடித்து ஓடிய மாவட்டம்

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை இப்போது பலருக்கும் தெரியும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொண்ணூறுகளில் எழுதியது பாடப்புத்தகம் வரை போய்விட்டது. ஒரு லட்சம் பெண்கள், இரண்டு சக்கரம், விடுதலை என்று சொல்கிறவர்கள் வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டராக அந்த நாட்களில் ஊர் ஊராகப் போனவள் நான். அதில் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அன்று கற்றவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள், மருமகள் எடுத்தவர்கள் இருந்தார்கள். விழுந்தால் தட்டிவிட்டு எழுந்து ஓடுகிற வயது அவர்களுக்கு முடிந்திருந்தது. அவர்களுடைய பயத்தை இந்த மாவட்டம் எப்படிக் கையாண்டது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தின் பகுதி. 1974 ஜனவரியில் தனி மாவட்டம். வானம் பார்த்த பூமி. செம்மண், சரளை, கம்மாய், தைலமரக் காடு. கிராமத்துக்குள் பஸ் வந்தால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதுவும் வராத ஊர்க்காரர்கள் மெயின் ரோட்டுக்கு நடந்தே போக வேண்டும். நடப்பதற்கு எங்கள் பெண்கள் அஞ்சியதில்லை. ஆனால் நேரம் போனது. விடியுமுன் தண்ணீர், பிறகு வயலோ கல்குவாரியோ, நடுவில் ரேஷன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி. புருஷனோ அண்ணனோ மகனோ வந்து சைக்கிளில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட்டால்தான் வெளியூர் போக முடியும். அவர்களுக்கு நேரம் இல்லாத நாளில் காய்ச்சலும் காத்திருக்க வேண்டியதுதான்.

சைக்கிள் பல வீடுகளில் இருந்தது. முன்பக்கம் பார் வைத்த, கேரியர் கனமான ஆம்பளை சைக்கிள். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தது பெண்கள்தான். வீட்டுப் பையன் ஆறேழு வயதிலேயே பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போடத் தொடங்கிவிடுவான். அவனுடைய அக்கா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படித்தான் ஒரு பெண் நாற்பது வயது வரை சைக்கிளைத் தினம் பார்த்தும் அதில் ஏறாமல் இருந்தாள். காலம் கடந்து கற்பதில் உள்ள பயத்துக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது: கற்க வேண்டிய வயதில் அவளை யாரும் ஏற்றவில்லை.

1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்த வேலை அது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். படிக்க வந்தவர்களிலும் சொல்லிக்கொடுக்க வந்தவர்களிலும் பெண்கள்தான் அதிகம். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு ஊரில் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் இருட்டில் நடக்க வேண்டும். பெண்களுக்கு சைக்கிள் கற்றுத்தருவதை எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொள்வது என்று கலெக்டர் எடுத்த முடிவுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியது. கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்ணும் யாராவது கூட்டிப் போனால்தான் பேங்குக்குப் போக முடியும் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பலம்? சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி கலெக்டர் பேங்குகளிடம் பேசி ஏற்பாடு செய்தார். அறிவொளிப் பெண்களுக்காக 50 மொபெட்டுகளை யுனிசெஃப் தந்தது.

ஆணை போட்டதால் மட்டும் யாரும் ஏறிவிடவில்லை. பயம் பல விதமாக இருந்தது. கூர்ந்து பார்த்தால் அவற்றில் சைக்கிளைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். கொசுவம் செயினில் மாட்டும் என்பது ஒன்று, மாட்டத்தான் செய்தது. செயின் கவர் உள்ள வண்டியாகப் பார்த்து எடுத்தோம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டோம். கீழே விழுந்து கை முறிந்தால் கூலி போய்விடுமே என்பது அடுத்தது. இந்தக் கணக்கை நான் எப்போதும் மரியாதையோடு பார்த்திருக்கிறேன். அன்றாடக் கூலிக்காரிக்கு முறிந்த கை என்பது அடுப்பு எரியாத வாரங்கள். சைக்கிள் மிதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று கிழவிகள் சொன்னதை நம்பியவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஊர்ப்பார்வை. டீக்கடை பெஞ்சில் இருப்பவன் என்ன சொல்வான், கொழுந்தன் என்ன நினைப்பான். சொல்லவும் செய்தார்கள், காதில் வாங்க முடியாத பேச்சுகள். சேரியிலிருந்து வந்த பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு பாரம். ஊர்த்தெருவில் தலித் ஆண்களே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய கிராமங்கள் தமிழ்நாட்டில் இருந்தன. அப்படிப்பட்ட தெருவில் ஒரு தலித் பெண் மணியடித்துக்கொண்டு போவது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்தத் தெருவில் நடந்தவர்களே அறிவார்கள்.

எங்கள் பெரியம்மா ஐம்பதை நெருங்கியவர், கைம்பெண், நாற்று நடவுக்குப் போகிறவர். எழுத்து வகுப்புக்கு வந்தவரை சைக்கிளுக்கும் இழுத்தோம். பள்ளிக்கூட மைதானத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில், வாடகைக் கடையிலிருந்து எடுத்த வண்டி. ஒரு பெண் ஹேண்டில்பாரைப் பிடிக்க, நான் கேரியரைப் பிடிக்க, பெரியம்மா சீட்டில் உட்கார்ந்தார். முழங்கை விறைத்துக்கொண்டது. கண் முன் சக்கரத்தை விட்டு அகலவில்லை. முன் சக்கரத்தையே பார்க்கிறவர் கட்டாயம் சாய்வார், அது சைக்கிளின் சுபாவம். "தூரமாப் பாருங்க பெரியம்மா, அந்தப் புளியமரத்தப் பாருங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "விட்டுராதடி, விட்டுராதடி" என்பது அவருடைய பதில். சுற்றி இருபது முப்பது பெண்கள். ஒவ்வொருத்தியும் தன் முறைக்குக் காத்திருப்பவள், அல்லது இப்போதுதான் விழுந்து எழுந்து முழங்காலில் மண்ணோடு நிற்பவள். பெரியம்மா விழுந்தபோது சிரிப்பு எழுந்தது. அடுத்து விழப்போகிறவர்களின் சிரிப்பு அது, யாரையும் சுடவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து, கண்டாங்கியை உதறி, மறுபடி ஏறினார்.

பயம் போன இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருத்தி மட்டும் தனியாகக் கற்றிருந்தால் ஊர் அவளைப் பார்த்திருக்கும். ஊரில் உள்ள பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் கற்றபோது, பார்க்க ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்களுக்கும் கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. தைரியசாலிகளைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்தவில்லை இந்த இயக்கம். பயந்தவர்களை ஒன்றாக நிறுத்தியது. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், சத்துணவு ஆயா, செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர், குவாரியில் கல் உடைக்கிறவர், ஆசிரியை என்று எல்லோரும் ஒரே மைதானத்தில் விழுந்தார்கள். ஆசிரியை விழுவதைப் பார்த்த பிறகு கூலிக்காரிக்கு என்ன வெட்கம்?

1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். இது போன்ற பொது நிகழ்ச்சிகளிலும் போட்டிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக்காட்டியதாக சாய்நாத் எழுதினார். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை விட்டுவிட்டால் கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டக் கற்றிருந்தார்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காதபோது பெண்கள் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. கேரியரில் குடம் ஏறியது, சந்தைக்குப் போகும் காய்கறி ஏறியது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊரில் விற்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்ப முடிந்தது. மிச்சமான நேரத்தில் பெரியம்மா செய்தது தூக்கம். மத்தியானத் தூக்கம் என்பதை அவர் வாழ்க்கையில் நான் முதல்முறை பார்த்தது அப்போதுதான்.

வேறு நாட்டிலும் இப்படிப் பிந்திக் கற்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பிரான்சிஸ் வில்லார்ட் தன் 53ஆம் வயதில் சைக்கிள் கற்று, 1895இல் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். முதலில் மூன்று இளைஞர்கள் வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் அவரும் சீட்டில் ஏறினார். பேரும் செல்வாக்கும் உள்ளவருக்கே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது என்பதை நம் பெண்களிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

பிறகு காலம் மாறியது. அறிவொளியின் வேகம் தணிந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவியருக்கும் அதை விரித்தது. இன்று பதினாறு வயதுப் பெண் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் தொடங்கும்போது வயது வரம்பு 18 முதல் 40 என்று வைத்தார்கள், லைசென்ஸும் கேட்டார்கள். எங்கள் பெரியம்மா போன்றவர்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. வண்டிக்குப் பணம் இருந்தது, மைதானத்துக்கு இல்லை.

இன்று ஐம்பது வயதில் ஒரு பெண் ஸ்கூட்டரோ காரோ கற்க நினைத்தால், எல்.எல்.ஆர். போட்டுவிட்டு ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்ட வேண்டும். பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் தனி பிரேக்கும் கிளட்சும் இருக்கும். அவர் பெரும்பாலும் அவசரக்காரர். சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், மாஸ்டர் முகத்தைச் சுளிப்பார், இவளுக்குக் கை வியர்க்கும். வீட்டுக்கு வந்தால் "உனக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். நாலு நாளில் அவளே அதைச் சொல்லத் தொடங்குவாள். பயம் அவளுடைய சொந்தக் குணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். 1992இல் ஒரு மாவட்டமே சேர்ந்து சுமந்ததை இன்று ஒருத்தி தலையில் வைக்கிறார்கள்.

எங்கள் தெருவில் நான்கு பெண்கள் இதை வேறு விதமாகச் செய்கிறோம். ஒரே வண்டி, ஒரே நேரம் என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தே கேட்டு வாங்கினோம். ஒருவர் ஓட்டும்போது மூவர் பின்சீட்டில். எங்களில் மூத்தவருக்கு அறுபது வயது, அன்று அன்னவாசல் பக்கம் சைக்கிள் கற்றவர். மேட்டில் நிறுத்தி ஹாஃப் கிளட்சில் வண்டியை எடுப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. மாஸ்டருக்கு அவசரம் வந்தால் பின்சீட்டிலிருந்து "இருங்க தம்பி, அக்கா எடுப்பாங்க" என்று ஒரு குரல் வரும், அவரும் அடங்கிவிடுவார்.

எங்கள் மகளிர் குழுவில் இதைப் பேசி ஒரு மனு எழுதியிருக்கிறோம். வண்டி மானியம் எது வந்தாலும் மேல் வயது வரம்பு வைக்கக் கூடாது. பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். குழுவாக வரும் பெண்களுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் அரசுப் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம்.