எழுத்தும் மறைபொருளும்: நல்ல சமாரியன் உவமையின் உரை வரலாறு

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமைக்கு இன்று வழங்கும் பொருள் எளியது: அடிபட்டுக் கிடப்பவன் எந்த இனத்தான் என்று பாராமல் இரங்குபவனே உண்மையான அயலான். பண்டைய திருச்சபையிலும் இடைக்காலத்திலும் செல்வாக்குப் பெற்றிருந்த பொருளோ இதைவிட நீண்டது. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் அதை மூத்தவர் ஒருவரின் உரையாக எடுத்துச் சொல்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போனவன் ஆதாம். எருசலேம் விண்ணுலகத் தோட்டம், எரிகோ இவ்வுலகம். வழிமறித்த கள்வர் தீய சக்திகள். கண்டும் விலகிப்போன குரு மோசேயின் சட்டம், லேவியன் இறைவாக்கினர். காயம் கட்டிய சமாரியன் கிறிஸ்து. அவன் கொண்டுசேர்த்த சத்திரம் திருச்சபை. சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு தெனாரியம் காசுகள் தந்தையும் மகனும். திரும்பி வருவேன் என்ற வாக்கு கிறிஸ்துவின் இரண்டாம் வருகை.

படைப்பு முதல் உலக முடிவு வரை ஒரு சிறு கதைக்குள் அடங்கிவிடுகிறது. இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இந்த வாசிப்புமுறை வேரூன்றியது ஒரு நெருக்கடியில். 144ஆம் ஆண்டு வாக்கில் உரோமைச் சபையிலிருந்து விலக்கப்பட்ட மார்சியோன் பழைய ஏற்பாட்டை எழுத்துக்கு எழுத்து படித்தார். அங்கே கண்ட போர்களும் தண்டனைகளும் இயேசு அறிவித்த தந்தைக்குப் பொருந்தவில்லை என்று அந்த நூல்களையே ஒதுக்கினார். யூதர்களின் மறைநூலைக் கைவிடவும் கூடாது, அதில் கிறிஸ்துவையும் காண வேண்டும் என்று நின்ற திருச்சபைக்கு, எழுத்துக்கு உள்ளே இன்னொரு பொருள் உறைகிறது என்ற கொள்கை கைகொடுத்தது. பாதை முன்பே போடப்பட்டிருந்தது. ஆபிரகாமின் மனைவி சாராவையும் அடிமைப்பெண் ஆகாரையும் இரண்டு உடன்படிக்கைகளாகப் பவுல் கலாத்தியர் மடலில் விளக்கியிருந்தார். அலெக்சாந்திரியாவில் கிரேக்கர் ஹோமரின் காவியங்களுக்கு உட்பொருள் கண்டனர். அதே நகரத்து யூத அறிஞர் பிலோன் அம்முறையை மோசேயின் நூல்களுக்குப் பயன்படுத்தினார்.

ஓரிகன் அந்த நகரத்தின் பிள்ளை. 185ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தந்தை லெயோனிதஸ் 202இல் மறைச்சாட்சியாக உயிர்நீத்தார். மனிதனுக்கு உடல், உள்ளம், ஆவி இருப்பதுபோல் மறைநூலுக்கும் மூன்று அடுக்குகள் உண்டு என்பது அவர் கொள்கை. கதிரவன் படைக்கப்படும் முன்பே முதல் நாள் எப்படி வந்தது என்பது போன்ற இடறல்களைக் கடவுளே வேண்டுமென்று வைத்தார், படிப்பவன் அங்கே நின்று ஆழமாகத் தேடுவதற்காக என்றார். யூத ஆசிரியர் ஒருவரிடம் கேட்ட உவமை ஒன்றையும் அவர் பதிவுசெய்கிறார்: மறைநூல் பல அறைகள் கொண்ட வீடு, எல்லா அறையும் பூட்டியிருக்கிறது, ஒவ்வொரு கதவருகிலும் ஒரு சாவி உண்டு, ஆனால் அது அந்தக் கதவின் சாவி அன்று. மறை என்ற ஒரே சொல் வேதத்தையும் மறைந்திருப்பதையும் குறிக்கும் தமிழில் இந்த உவமை அந்நியமாக ஒலிப்பதில்லை.

உட்பொருள் தேடியவர் எழுத்தை அலட்சியம் செய்தார் என்ற குற்றச்சாட்டு ஓரிகனுக்குச் சிறிதும் பொருந்தாது. எபிரேய மூலத்தையும் அதன் கிரேக்க எழுத்துப்பெயர்ப்பையும் நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே நிறுத்தி, ஹெக்ஸாப்லா என்ற பெருநூலை உருவாக்கியவர் அவர்தான்.

வரம்பு மீறியவர்களும் இருந்தனர். பர்னபாவின் பெயரில் வழங்கும் பழைய மடல், ஆபிரகாமின் 318 பணியாளர்களைக் கிரேக்க எண்ணெழுத்துகளாகப் பிரித்து, 18இல் இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் 300இல் சிலுவை வடிவையும் கண்டது. இத்தகைய உரைகளுக்கு எதிராக அந்தியோக்கியாவில் வலுவான மறுப்பு எழுந்தது. மொப்சுவெஸ்தியா தியோதோர், பவுல் உருவகமாகப் பேசினாலும் ஆகாரும் சாராவும் வாழ்ந்த வரலாற்றை அழிக்கவில்லை என்று வாதிட்டார். உவமையின் ஒவ்வொரு சொல்லையும் துருவக் கூடாது என்று கிறிசோஸ்தோம் தம் மறையுரையில் எச்சரித்தார். 553இல் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தின் கண்டனங்களில் தியோதோர், ஓரிகன் இருவர் பெயரும் இடம்பெற்றன. காரணங்கள் கோட்பாடு சார்ந்தவை. ஆயினும் இரு முகாம்களின் தலைசிறந்த உரையாசிரியர்களும் ஒரே அவையில் வீழ்ந்தது பெரிய இழப்பு. கீழைச் சிரியத் திருச்சபை மட்டும் தியோதோரை உரையாசிரியர் என்றே போற்றிவந்தது. கேரளத்துத் தோமா கிறித்தவர்கள் அந்தத் திருச்சபையோடு உறவு கொண்டிருந்தனர். 1599இல் உதயம்பேரூர் சங்கம் அவர்களுடைய சிரிய மொழி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது.

மேற்கில் அகுஸ்தீன் சமாரியன் உவமைக்கு ஓரிகன் வழியில்தான் பொருள் கண்டார். ஆனால் அவர் உரையில் சத்திரக்காரன் பவுல். இரண்டு காசுகள் கடவுளன்பு, பிறரன்பு என்ற இரு கட்டளைகள். குறிகளின் பொருள் நிலையான அகராதிபோல் இருந்ததில்லை என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. வரம்பையும் அவரே வகுத்தார்: எந்த விளக்கமும் அந்த இரட்டை அன்பை வளர்க்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியான் நால்வகைப் பொருளை எருசலேமைக் கொண்டு விளக்கினார்: வரலாற்றில் அது யூதரின் நகரம், உருவகத்தில் திருச்சபை, ஒழுக்கத்தில் மனித ஆன்மா, இறுதி நோக்கில் விண்ணக நகர்.

இடைக்காலம் முழுவதும் இந்த நான்கும் பள்ளிப்பாடமாயின. எழுத்தறியாதவர்களுக்கு ஆலயச் சுவர்கள் கற்பித்தன. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சன்னல் ஒன்றின் கீழ்ப்பகுதியில் சமாரியன் கதையும், அதற்கு மேலே ஆதாம் ஏவாளின் படைப்பும் வீழ்ச்சியும் வரையப்பட்டுள்ளன. ஓரிகன் எடுத்துச் சொன்ன உரையே வண்ணங்களில் நிற்கிறது. இதே நூற்றாண்டில் தோமா அக்குவினா, கோட்பாட்டு வாதத்துக்கு எழுத்துப்பொருள் மட்டுமே ஆதாரமாகும் என்று வரையறுத்தார். அடுத்த நூற்றாண்டில் லீரா நிக்கோலா, யூத அறிஞர் ராஷியின் உரைகளைத் துணைகொண்டு எழுத்துப்பொருளுக்கு விரிவான விளக்கம் எழுதினார்.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளில் கால்வின் சமாரியனைக் கிறிஸ்துவாகக் கொள்ளும் உரையை நேரடியாக மறுத்தார். இயேசு சொன்ன பொருளை அது மறைக்கிறது என்றார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் யூலிஹர், உவமை உருவகம் ஆகாது, அதற்கு ஒரு மையக்கருத்தே உண்டு என்று வாதிட, அதுவே பல்கலைக்கழகங்களின் பொதுவழக்காயிற்று. இருப்பினும் பழைய வாசிப்பு மறையவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நால்வகைப் பொருளையும் பெயர் சொல்லி ஏற்று, மற்ற மூன்றும் எழுத்துப்பொருளின் மேல்தான் நிற்க வேண்டும் என்ற அக்குவினாவின் விதியையும் அதனோடு சேர்த்தது.