தேன்துளியும் தகடூர்ப் பள்ளியும்

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரியில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு ஒன்று சகம் 815, அதாவது கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகக் குடிச் சகோதரர் இருவர் இவ்வூரில் சமணப் பள்ளி ஒன்றை எழுப்பியதையும், நுளம்ப மன்னன் மகேந்திரன் அதற்கு மூலப்பள்ளி என்னும் ஊரை வழங்கியதையும், அவ்வூர் கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. தோலாமொழித்தேவர் சூளாமணியை இயற்றியதும் ஏறத்தாழ அந்நூற்றாண்டை ஒட்டியே என்பர். அப்பள்ளியின் நிழலில் அமர்ந்து அறவுரை கேட்டோர் செவியில் எத்தகைய உவமைகள் விழுந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

சூளாமணியில் ஓர் உவமை வருகிறது. யானை துரத்த ஓடியவன், பாம்பு உறையும் ஆழ்குழியில் கயிறு ஒன்றைப் பற்றித் தொங்குகிறான். அந்நிலையிலும் சிந்தும் தேன்துளியை நக்கிச் சுவைக்கிறான். மானுடர் இன்பம் இத்தன்மையது என்று சொல்லி நான்கே அடிகளில் பாட்டு முடிந்துவிடுகிறது. யானை எது, பாம்பு எது என்று புலவர் விளக்கவில்லை.

பிராகிருதத்தில் சங்கதாசரும் ஹரிபத்திரரும் இக்கதையை விரித்துரைத்து விளக்கமும் தந்துள்ளனர். அவர்கள் சுவேதாம்பர மரபினர். எனினும் கதை இரு மரபுக்கும் பொது. யானை மரணம்; நான்கு பாம்புகள் கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள்; பற்றுக்கோட்டைக் கொறிக்கும் வெள்ளெலியும் கருப்பெலியும் வளர்பிறை தேய்பிறைப் பக்கங்கள்; கொட்டும் தேனீக்கள் நோய்கள். தோலாமொழித்தேவர் இவற்றை விடுத்தது சுருக்கம் கருதி மட்டுமன்று என்பது என் துணிபு. கேட்போர் இதனை முன்பே அறிவர். பாட்டின் பாதியை அவர்களே நிரப்பிக்கொள்வர்.

இப்பாட்டை வகுப்பில் நடத்தியபோது பென்னாகரம் பக்கத்து மாணவர்கள் யானையை உடனே புரிந்துகொண்டனர். இரவில் கொல்லைக்குள் யானை புகுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாம்புக்குப் பொருள் கேட்டபோதுதான் வகுப்பு அமைதியாயிற்று.

இக்கதை மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் விதுரர் வாயிலாகவும் வருகிறது. அரபு மொழியின் 'கலீலா வ திம்னா' வழியே மேலைநாடுகளுக்கும் சென்றது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருசிய அறிஞர் டால்ஸ்டாய் தம் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்னும் நூலில் அதனை எடுத்தாண்டார். குடும்பத்தின் மீதுள்ள அன்பும் எழுத்துமே தம்முடைய இரண்டு தேன்துளிகள் என்றும், அவையும் இனிப்பற்றுப் போயின என்றும் எழுதினார். கற்றோரிடம் சமய நம்பிக்கை எவ்வாறு கழன்று விழுகிறது என்பதற்கு அந்நூலிலேயே ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். வேட்டைக்குச் சென்ற இடத்தில் இளைஞர் ஒருவர் வழக்கம்போல் இரவில் மண்டியிட்டு வணங்குகிறார். இந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லையா என்று அண்ணன் கேட்கிறார். அவ்வளவே. அன்று நின்ற வழிபாடு முப்பது ஆண்டுகள் கடந்தும் மீளவில்லை. அண்ணன் எதிர்த்து வாதிடவில்லை, ஏளனம்கூடச் செய்யவில்லை. உள்ளே முன்பே வெறுமையாயிருந்த சுவர், விரல் பட்டதும் சரிந்தது.

இதைப் படித்த நாள்முதல் எனக்கு நம் இல்லங்களின் நினைவே வருகிறது. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தைப் பலர் இன்றும் கைவிடவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்க வீட்டுப் பழக்கம்" என்பதோடு விடை முடிகிறது. விளக்கு வைக்குமுன் நான் உண்ண அமர்ந்தபோது, வெளியூரில் படிக்கும் பேத்தி சென்ற விடுமுறையில் கேட்டாள்: "தாத்தா, நீங்க இன்னும் இப்படித்தான் சாப்பிடறீங்களா?"

உயிர்க்கொலை தவிர்த்தல் பற்றிச் சொன்னேன், அவள் தலையசைத்தாள். பிறகு தேன்துளிக் கதையைச் சொன்னேன். எலிகள் வந்ததும் நிமிர்ந்து அமர்ந்தாள். மறுநாள் என் அலமாரியிலிருந்த சூளாமணியை எடுத்துப் பாட்டைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள்.

"இதுல எலியே இல்லையே தாத்தா. உங்களுக்கு யார் சொன்னது?"

என் தாயார், என்றேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர்.