11 கிராம் போதும்!

யானையைச் சாய்க்க எவ்வளவு பெரிய குண்டு வேண்டும்? நூறு வருஷத்துக்கு முன்பு, ஆப்பிரிக்கா போன வேட்டைக்காரர்கள் பலர் ‘பெருசா இருந்தாத்தான் விழும்’ என்று நம்பினார்கள். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துப்பாக்கியின் குண்டு 58 கிராம்!

ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் பெல் (1880-1954) கணக்கே வேறு. உகாண்டாவின் கரமோஜா பகுதியில் அவர் பெரும்பாலும் தூக்கியது, ராணுவத்துக்காக உருவான 7 மி.மீ. ரகத் துப்பாக்கி. குண்டு வெறும் 11 கிராம்! ஆனால், தொழிற்சாலையிலேயே முழு உலோக உறை போட்ட, நீளமான, மொட்டை முனைக் குண்டு. ஈயமுனைக் குண்டு என்றால் மண்டையோட்டிலேயே நசுங்கிவிடும். இது நேராகத் துளைத்துப் போகும். எங்கே துளைப்பது? செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, மூளை இருக்கும் இடத்தைப் படித்து வைத்திருந்தார் மனுஷர்!

பலி, ஆயிரம் யானைகளுக்கும் மேல். எல்லாம் தந்தத்துக்காக! சர்வதேசத் தந்த வியாபாரத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் முடிவெடுத்தது 1989-ல்தான். குண்டின் எடை குறைந்ததில் யானைக்கு என்ன லாபம்?