தேடல் சர்வர் கிளஸ்டரில் அமைவு மேலாண்மை

பல சர்வர்கள் ஒரு கிளஸ்டராகச் சேர்ந்து ஒரே தேடுபொறியாக இயங்கும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகளை எங்கே வைப்பது, அவற்றை யார் மாற்றுவது, மாற்றம் எல்லாக் கணினிகளுக்கும் எப்படிப் போய்ச் சேர்வது என்பதைக் கவனிக்கும் பணி அமைவு மேலாண்மை. தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. சென்னைக் கல்மண்டபத்தில் ஒரு மாணவி அதில், 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தைத் தேடினால், விடை தருவது அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் டெக்சஸிலும் உள்ள, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் கிளஸ்டர்கள்.

ஷாய் பானன் 2010இல் வெளியிட்ட இலாஸ்டிக்சர்ச் மென்பொருளை விக்கிமீடியா நெடுங்காலம் பயன்படுத்தியது. அதில் அமைவுகள் இருவகை. கணினியின் பெயர், தரவு இருக்கும் இடம் போன்றவை அந்தந்தக் கணினியின் கோப்பில் இருக்கும். மாற்றினால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். மற்றவற்றை ஓட்டத்திலேயே மாற்றலாம். கிளஸ்டரை ஒருங்கிணைக்கும் மாஸ்டர் சர்வர் அம்மாற்றத்தைப் பதிந்து எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்பும். ஒரே அமைவு இரண்டு இடத்திலும் இருந்தால் கோப்பில் உள்ளது செல்லாது. புதிதாக வரும் நிர்வாகிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மாஸ்டர் காக்கும் இந்தப் பொதுப்பதிவுக்குக் கிளஸ்டர் நிலை என்று பெயர். தேடலுக்கான தரவுத் தொகுப்புகளான இன்டெக்ஸ்கள் பெருகப் பெருக அது பருத்து, சிறு மாற்றம்கூட மெதுவாகிவிடும். நூற்றுக்கணக்கான விக்கிகளைத் தாங்கும் விக்கிமீடியா இதற்காகவே ஒவ்வொரு தரவு மையத்திலும் தன் பெரிய கிளஸ்டரைக் கை, ப்சை, ஒமேகா என மூன்றாகப் பிரித்தது.

மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க, அதற்குத் தகுதியுள்ள சர்வர்களில் பெரும்பான்மை வேண்டும்: மூன்றில் இரண்டு. 7.0 பதிப்புக்கு முன் இந்த எண்ணை நிர்வாகியே எழுத வேண்டியிருந்தது. கிளஸ்டர் வளர்ந்தபின் எண்ணைத் திருத்த மறந்தால், இணைப்பு அறுந்த நேரத்தில் இரு மாஸ்டர்கள் தோன்றி, இரு பக்கமும் வெவ்வேறு தரவு எழுதப்படும் ஆபத்து இருந்தது. 2019 ஏப்ரலில் வந்த 7.0 அந்த அமைவையே நீக்கிவிட்டது. மனிதர் நினைவில் வைக்க வேண்டிய எண்களைக் குறைப்பதே நல்ல வடிவமைப்பு.

அமைவுகளில் வட்டு நிரம்புவதற்கும் வரம்புகள் உண்டு. இயல்பாக, 85 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் கணினிக்குப் புதிய ஷார்டுகள், அதாவது இன்டெக்ஸின் துண்டுகள், பொதுவாக வராது. 90இல், அங்கே இருப்பவை வேறு கணினிகளுக்கு நகரத் தொடங்கும். 95இல் இன்டெக்ஸில் எழுதுவதே தடைபடும்.

சில முடிவுகளை எளிதில் திருப்ப முடியாது. ஷார்டுப் பிரதிகளின் எண்ணிக்கையை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். முதன்மை ஷார்டுகளின் எண்ணிக்கையைப் புதிய இன்டெக்ஸ் உருவாக்காமல் மாற்ற முடியாது. தமிழுக்கு இதைவிட முக்கியமானது, உரையைத் தேடுசொற்களாகப் பிரிக்கும் அனலைசர். 'ராயபுரம்' என்று தேடினால் 'இராயபுரம்' வருமா, 'கல்மண்டபத்தில்' என்ற சொல் 'கல்மண்டபம்' என்பதோடு சேருமா என்பது அதன் கையில். ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு அடிச்சொல் காணும் நிரல் இருக்கிறது. ஆனால் அனலைசரை மாற்றினால், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்க் கட்டுரைகளை மீண்டும் இன்டெக்ஸ் செய்த பிறகே முழுப்பயன் கிடைக்கும். அதுவரை விக்கி ஆசிரியர்கள் உருவாக்கும் வழிமாற்றுப் பக்கங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

விக்கிமீடியா தன் சர்வர் அமைவுகளைப் பப்பெட் கருவி மூலம், யாரும் படிக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. தமிழ்த் தேடலில் குறை கண்டவர்கள் அவற்றைப் படித்துப் பார்த்து, விக்கிமீடியாவின் ஃபாப்ரிகேட்டர் தளத்தில் முறையிட வேண்டும்.